மோட்டார் ஓடுது, வயல் காயுது

‘செயற்கை இதயம் பொருத்தி மருத்துவர்கள் சாதனை.’ இந்தத் தலைப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஏழெட்டுப் பேர் வரிசையாக நிற்பார்கள். நடுவில் நாற்காலியில் நோயாளி, தோளில் குறுக்காக ஒரு பை, முகத்தில் யாரோ சொல்லிச் சிரித்த மாதிரி ஒரு சிரிப்பு. கீழே நாலு பத்தி செய்தி. தவறு தலைப்பிலேயே ஆரம்பித்துவிடுகிறது. அந்த மனிதருக்குப் பொருத்தியது இதயம் இல்லை. அவருடைய இதயம் எங்கேயும் போய்விடவில்லை. பழைய இடத்திலேயே, பழைய நோயோடு, நான்கு வால்வுகளோடு இருக்கிறது. அதன் நுனியில் ஓட்டை போட்டு ஒரு பம்பைச் செருகியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

“வார்த்தையில என்னங்க இருக்கு, ஆள் பிழைச்சாப் போதாதா?” இந்தக் கேள்வியோடுதான் எனக்குச் சண்டை. நான் எக்கோ டெக்னீஷியன். பதினாறு வருஷமாக இருட்டறையில் உட்கார்ந்து, ஜெல் தடவி, ப்ரோபை விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தி, அடுத்தவர் இதயத்தைக் கறுப்பு வெள்ளையில் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள். அந்த ஒரு வார்த்தை செய்கிற வேலையை அருகிலிருந்து பார்க்கிறேன். இதயத்தையே மாற்றியாகிவிட்டது என்று நம்புகிற குடும்பத்திடம் மூன்றாம் மாதம் எக்கோவுக்கு வரச் சொன்னால், “அதான் புது இதயம் வெச்சாச்சே, இன்னும் எதைப் பார்க்கப்போறீங்க?” என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாம் சொல்லிக்கொடுத்த வார்த்தையைத்தான் நம்மிடமே திருப்பிச் சொல்கிறார்கள். குடும்பத்தைக்கூட விடுங்கள். மருத்துவமனைகளே பாதி அப்படித்தான் நினைக்கின்றன என்பது என் குற்றச்சாட்டு. பம்பை வாங்குவதற்கு இருக்கிற உற்சாகம், பம்பு ஓடும்போது வால்வுகள் என்ன பாடுபடுகின்றன என்று பார்ப்பதற்கு இல்லை.

கருவியைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எல்வேட் என்பார்கள். இதயத்தின் இடது கீழறை தளர்ந்துபோனவர்களுக்கு வைப்பது. உள்ளங்கையில் அடங்குகிற டைட்டானியம் பம்பு. ஒரு முனை கீழறையின் நுனியில் செருகப்பட்டு அங்கிருந்து ரத்தத்தை உறிஞ்சும். மறுமுனையிலிருந்து ஒரு குழாய் மேலே போய் மகாதமனியில் சேரும். வயிற்றுத் தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு ஒயர் வெளியே வரும். தோள் பையில் இருப்பது பேட்டரியும் கன்ட்ரோலரும். இப்போது அதிகம் வைக்கப்படுகிற ஹார்ட்மேட் 3 என்ற பம்புக்குள் சுற்றுகிற சக்கரம் காந்த விசையில் மிதக்கிறது, எதையும் தொடுவதில்லை, நிமிடத்துக்கு ஐயாயிரம் ஆறாயிரம் தடவை சுற்றுகிறது. மனிதன் செய்த அழகான பொருள்களில் ஒன்று. பம்பைத் திட்ட நான் இதை எழுதவில்லை.

உண்மையிலேயே செயற்கை இதயம் என்று ஒன்று உண்டா என்றால் உண்டு. 1982 டிசம்பர் 2 அன்று அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பார்னி கிளார்க் என்ற பல் மருத்துவருக்கு இதயத்தின் கீழறைகள் இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு ஜார்விக்-7 என்ற கருவியைப் பொருத்தினார்கள். 112 நாள் உயிரோடு இருந்தார். உலகமே அந்தக் கருவியைப் பற்றிப் பேசியது. பேச்சில் அதிகம் அடிபடாத ஒரு விஷயம்: பதின்மூன்றாவது நாளில் கருவிக்குள் இருந்த செயற்கை வால்வு ஒன்று உடைந்துபோனது. மறுபடி நெஞ்சைத் திறந்து இடது பக்கத்துக் கருவியையே மாற்றவேண்டியிருந்தது. இதயத்தைத் தூக்கிப் போட்ட இடத்திலும் வால்வு வந்து நின்று கணக்குக் கேட்டது என்று இதைச் சொல்லலாம். அப்படியிருக்க, இதயம் உள்ளேயே இருக்கிற எல்வேட்காரர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதே இல்லை.

கிணற்றுப் பாசனம் பார்த்திருக்கிறீர்களா? கிணற்றிலிருந்து மோட்டார் தண்ணீரை இறைத்துத் தொட்டியில் கொட்டும். தொட்டியிலிருந்து வாய்க்கால். வாய்க்காலின் கரை கிணற்றை ஒட்டியே உடைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறைத்த தண்ணீரில் பாதி உடைப்பு வழியாகக் கிணற்றுக்குள்ளேயே விழுகிறது. மோட்டார் அதையே மறுபடி இறைக்கிறது. மறுபடி விழுகிறது. தூரத்தில் கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு மோட்டார் ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்கும். குழாயில் தண்ணீர் பீறிட்டுக் கொட்டுவதும் தெரியும். வயல் காயும்.

எல்வேட் வைத்தவரின் மகாதமனி வால்வு கசிய ஆரம்பித்தால் நடப்பது இதுதான். பம்பு மகாதமனிக்குள் தள்ளிய ரத்தம், உடம்புக்குப் போகாமல், கசிகிற வால்வு வழியாகக் கீழறைக்குள்ளேயே திரும்பி விழுகிறது. பம்பு அதையே எடுத்துத் தள்ளுகிறது. சுற்றிச் சுற்றி அதே ரத்தம். வெளியே மானிட்டரில் நிமிடத்துக்கு 6 லிட்டர், 6.4 லிட்டர் என்று எண் ஓடிக்கொண்டிருக்கும். கசிவு கூடக்கூட அந்த எண் குறையாது, ஏறக்கூடச் செய்யும். இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள்: நோயாளி மோசமாகும்போது மெஷினில் தெரிகிற எண் அழகாகிறது. மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை. எண் மட்டும் ஜம்மென்று இருக்கிறது. இன்னொன்று, அந்த எண் நேராக அளந்ததுகூட இல்லை. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை வைத்துக் கன்ட்ரோலர் போடுகிற மதிப்பீடு. அது சரியாகவே இருந்தாலும் பம்பு வழியாக எவ்வளவு போகிறது என்றுதான் சொல்லும். உடம்புக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது.

நல்லாயிருந்த வால்வு ஏன் கசியணும்? வேலை இல்லாததால். சாதாரண இதயத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் மகாதமனி வால்வு ஒருதடவை திறந்து மூடும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை. எல்வேட் வந்தபிறகு ரத்தம் பக்கவாட்டுக் குழாய் வழியாகப் போய்விடுகிறது. கீழறைக்குள் வால்வைத் தள்ளித் திறக்கிற அளவு அழுத்தம் எழுவதில்லை. மேலிருந்து மகாதமனியின் அழுத்தம் இடைவிடாமல் வால்வை அமுக்கிக்கொண்டே இருக்கிறது. வாரக்கணக்காக, மாதக்கணக்காகத் திறக்காத கதவு. இதழ்களின் ஓரங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன, விறைக்கின்றன, நடுவில் இடைவெளி விழுகிறது. முந்தைய தலைமுறை பம்புகளை வைத்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு முதல் வருஷத்திலேயே புதிதாக இந்தக் கசிவு தோன்றியது. அபூர்வமான சங்கதி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள். கையைப் பிடித்து நாடி பார்க்கலாமா? பம்பு ஒரே சீராகத் தள்ளுவதால் பலருக்கு நாடியே கையில் தட்டுப்படாது. உயிரோடு உட்கார்ந்து பேசுகிறவருக்கு நாடி இல்லை. முதல்தடவை பார்க்கிற நர்சிங் மாணவிகள் பயந்துபோவார்கள். ரத்த அழுத்தம் பார்க்கிற சாதாரண மெஷின் பெரும்பாலும் திணறும். கையில் பட்டையைக் கட்டி டாப்ளர் பென்சிலை வைத்து ஒலி கேட்டுத்தான் அளக்கவேண்டும். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரு ரீங்காரம்; வால்வுக் கசிவின் மெல்லிய ஓசை அதற்குள் எங்கே என்று தேடுவது? நூற்றாண்டுகளாக வைத்தியர்கள் உடம்பிடம் கேள்வி கேட்ட வழிகளை எல்லாம் இந்தப் பம்பு அடைத்துவிடுகிறது. தினமும் இல்லாவிட்டாலும் மாதத்துக்கு ஒருதடவையாவது, ஊசி போடாமல், கதிர் பாய்ச்சாமல், படுக்கையிலேயே வைத்து உள்ளே எட்டிப் பார்க்க மிச்சமிருக்கிற வழி எக்கோதான்.

எக்கோவிலும் பழைய பார்வை செல்லாது. நல்ல டெக்னீஷியன்களே தடுக்கி விழுகிற இடம் இது. சாதாரண இதயத்தில் மகாதமனி வால்வு கசிந்தால், இதயம் விரிகிற நேரத்தில் மட்டும்தான் கசியும்; சுருங்குகிற நேரத்தில் கீழறையின் அழுத்தம் அதை நிறுத்திவிடும். பாடப்புத்தகத்தில் இருக்கிற லேசான கசிவு, நடுத்தரம், கடுமை என்ற அளவுகள் எல்லாம் அந்தப் பாதி நேரக் கசிவுக்காகப் போட்டவை. எல்வேட் ஓடுகிறவருக்கோ மகாதமனியின் அழுத்தம் கிட்டத்தட்ட எப்போதுமே கீழறையைவிட அதிகம். கசிவு முழு நேரமும் நடக்கும். பாதி நேரம் சொட்டுகிற குழாய்க்கும் ராத்திரி பகலாகச் சொட்டுகிற குழாய்க்கும் ஒரே வாளிக்கணக்கு போட முடியுமா? பழைய அட்டவணையைப் பார்த்து ‘லேசான கசிவு’ என்று எழுதித் தரும் ரிப்போர்ட்டுகளில் ஒரு பகுதி, ஆளைப் படுக்கவைக்கிற கசிவு. அமெரிக்க எக்கோகார்டியோகிராபி சங்கம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டி இதைத் தெளிவாகவே பேசுகிறது. பம்பு வைத்த இரண்டாவது வாரம், பிறகு 1, 3, 6, 12 மாதங்கள், அதற்கப்புறம் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருதடவை என்று எக்கோ எடுக்கச் சொல்கிறது. ஒவ்வொரு தடவையும் வால்வு திறக்கிறதா, எத்தனை துடிப்புக்கு ஒருதடவை என்று எண்ணச் சொல்கிறது.

எண்ணுவது கஷ்டமே இல்லை. எம்-மோட் என்று ஒரு பழைய முறை. கோடு ஒன்றை வால்வின் மேல் வைத்தால் காலம் இடமிருந்து வலமாக ஓடும். வால்வு திறக்கும்போது திரையில் தீப்பெட்டி மாதிரி ஒரு சின்னப் பெட்டி விழும். திறக்காவிட்டால் ஒரே கோடு. பத்துத் துடிப்பில் எத்தனை தீப்பெட்டி என்று பார்த்தால் முடிந்தது. ஒன்றுமே இல்லை என்றால் பம்பின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே பார்க்கலாம். ஏதோ ஒரு வேகத்தில் தீப்பெட்டி தலைகாட்டும். அந்த வேகத்தில் உடம்புக்கு ரத்தம் போதுமா, மைட்ரல் கசிவு கூடுகிறதா, இரண்டு கீழறைக்கும் நடுவில் இருக்கிற சுவர் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து ஒரு முடிவுக்கு வரலாம். வேகம் அதிகமானால் அந்தச் சுவர் இடதுபக்கம் உறிஞ்சப்பட்டு, வலது பக்கத்து டிரைகஸ்பிட் வால்வு கோணலாகி அது தனியாகக் கசியும். ஒரு திருகை முறுக்கினால் மூன்று வால்வு பேசுகிறது. என் தொழிலில் எனக்குப் பிடித்த அரைமணி நேரம் இதுதான். சங்கீதக்காரர்கள் தம்புராவுக்கு ஸ்ருதி கூட்டுகிறபோது முகத்தில் வருகிற ஒரு கவனம் உண்டே, அந்த அரைமணி நேரத்தில் அறையில் இருக்கிற எல்லாருக்கும் அது வந்துவிடும்.

நடைமுறைக்கு வருவோம். பெரிய மருத்துவமனை ஒன்று, பெயர் வேண்டாம். தென்மாவட்டத்துக்காரர், எல்வேட் வைத்து எட்டு மாதம். மூச்சு வாங்குகிறது என்று வந்து சேர்ந்திருக்கிறார். என் கைக்கு வந்த ஸ்லிப்பில் ஒரே ஒரு கேள்வி: ‘ஈ.எஃப்.?’

ஈ.எஃப். என்றால் கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே இருக்கிற ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. நம் ஊரில் ஜாதகத்துக்கு அடுத்தபடியாக ஜனங்கள் மனப்பாடமாகச் சொல்கிற எண். “எங்கப்பாவுக்கு முப்பத்தஞ்சுங்க.” சாதாரண இதயத்துக்கு அது பிரயோஜனமான எண்தான். நுனியில் ஓட்டை போட்டு ஒரு பம்பு இடைவிடாமல் உறிஞ்சிக்கொண்டிருக்கிற கீழறைக்கு அந்தக் கேள்வியை முதல் கேள்வியாக, அதுவும் ஒரே கேள்வியாகக் கேட்பதில் என்ன அர்த்தம்? மதகு திறந்துவிட்ட ஏரியிடம் கொள்ளளவு கேட்கிற மாதிரி.

“மேடம், ஃப்ளோ ஆறுக்கு மேல இருக்கு, பம்புல பிரச்சனை இல்லை. சும்மா ஈ.எஃப். மட்டும் போட்டுக் குடுங்க, பதினஞ்சு நிமிஷம் போதும்ல” என்றார் டியூட்டி டாக்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல பிள்ளை, அன்றைக்கு அவர் முப்பது மணி நேரமாகத் தூங்கவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எம்-மோட் வைத்தேன், ஒரே கோடு, ஒரு தீப்பெட்டிகூட இல்லை. கலர் டாப்ளரைப் போட்டேன். வால்வின் நடுவிலிருந்து கீழறைக்குள் நிறங்கள் கலைந்த ஒரு கொழுந்து, துடிப்பு விரிந்தாலும் சுருங்கினாலும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. “லேசாத்தானே இருக்கு மேடம்?” என்றார். “எவ்ளோ நேரம் இருக்குன்னு பாருங்க டாக்டர்” என்றேன். பார்த்தார். அப்புறம் பேசவில்லை. வெளியே என்னுடைய வரிசையில் இருபத்தி இரண்டு பேர் காத்திருந்தார்கள். வேகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டும், ஒரு மணி நேரம் வேண்டும், அறுவை சிகிச்சைக் குழுவிலிருந்து ஒருவர் கூட நிற்கவேண்டும் என்றேன். நேரம் கிடைத்தது, மூன்று நாள் கழித்து. வேகத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கூட்டி, அந்த மனிதர் நடந்து வீட்டுக்குப் போனார். அந்த மூன்று நாள்தான் என் தொண்டையில் நிற்கிறது. ஒரு குடும்பம் நிலத்தை விற்று வாங்கிய பம்பு. அதன்மேல் ஒரு மணி நேரம் கண் வைக்க ஆள் ஒதுக்க முடியாத நிர்வாகம்.

எக்மோவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2016 டிசம்பரில் ஜெயலலிதாவின் கடைசி இரவுகளில் தமிழ்நாடு முழுக்க அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது. 2020ல் எஸ்.பி.பி.க்காக மறுபடி அதை உச்சரித்தது. இரண்டு தடவையும் டீக்கடையில் கேட்ட விளக்கம் ஒன்றுதான்: ‘மெஷின் இதயத்தோட வேலையைப் பார்த்துக்கும், இதயம் ரெஸ்ட் எடுக்கும்.’ நுரையீரலுக்காக மட்டும் வைக்கிற எக்மோ வேறு வகை, அதை விட்டுவிடுவோம். இதயத்துக்காக வைக்கிற எக்மோவில், பெரும்பாலும் தொடை ரத்தக்குழாய் வழியாக, மெஷின் ரத்தத்தை மகாதமனிக்குள் கீழிருந்து மேலாகத் தள்ளுகிறது. இதயம் மேலிருந்து கீழே தள்ளப் பார்க்கிறது. நேருக்கு நேர். பலவீனமான இதயம் இந்தத் தள்ளுமுள்ளில் தோற்கும். வால்வு திறக்காது. நுரையீரலிலிருந்து வந்து சேர்கிற ரத்தம் வெளியேற வழியில்லாமல் கீழறை பலூன் மாதிரி உப்பும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஏற்கெனவே வால்வு கசிகிறவர் என்றால் மெஷின் தள்ளுகிற ரத்தமே கீழறைக்குள் போய் நிரம்பும். கடுமையான மகாதமனிக் கசிவு இருந்தால் இந்த எக்மோவையே வைக்கக்கூடாது என்று விதி இருப்பது அதனால்தான். ரெஸ்ட் எடுக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்கிற இதயம் மூச்சுமுட்டிக்கொண்டிருக்கலாம்.

தேங்கின ரத்தம் எக்கோவில் எப்படித் தெரியும் தெரியுமா? புகை மாதிரி. ஊதுபத்திப் புகை காற்றில்லாத அறையில் சுருண்டு நிற்குமே, அப்படி. நாங்களே அதைப் புகை என்றுதான் சொல்வோம். புகைக்கு அடுத்த கட்டம் ரத்தக்கட்டி. கட்டிக்கு அடுத்தது மூளை. ஐசியூவில் எக்மோ ஓடுகிற ஒருவருக்கு வால்வு திறக்கிறதா, புகை இருக்கிறதா என்று தினமும் பார்த்தாகவேண்டும் என்று நான் கேட்பது ஆடம்பரமா?

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு கூடுதல் கணக்கு உண்டு. இந்த வழிகாட்டிகள் எழுதப்பட்ட தேசங்களில் ருமாட்டிக் காய்ச்சல் ஏறக்குறைய மறந்துபோன நோய். நம் அரசு மருத்துவமனை இதய வார்டில் இன்றும் போய்ப் பாருங்கள். சிறுவயதில் தொண்டைப் புண்ணோடு வந்த காய்ச்சல், இருபத்தைந்து வயதில் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்ட பெண்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். மைட்ரல் சுருங்கினால் கீழறைக்கு ரத்தம் வந்து சேராது. கீழறையிலிருந்து உறிஞ்சுகிற பம்பு எதை உறிஞ்சும்? ஊற்று இல்லாத கிணற்றில் மோட்டாரை இறக்கின கதைதான். இன்னும் எத்தனையோ பேருக்கு நெஞ்சுக்குள் சித்ரா வால்வு இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கியது, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தியது, அதற்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போன வால்வு. சாய்கிற தட்டு மூடும்போது டிக் என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவோம் என்று மனைவிமார்கள் சொல்லியிருக்கிறார்கள். மகாதமனி இடத்தில் இந்த வால்வு இருக்கிற ஒருவரை எக்மோவில் போட்டால், தட்டு திறக்காமல் போகலாம். டிக் சத்தம் நின்றுபோகும். அசையாத தட்டின்மேல் ரத்தம் உறைய எத்தனை நேரம் ஆகிவிடும்? சத்தம் நின்றதை யாராவது கவனித்தார்களா என்பதும், கவனித்து எக்கோவைக் கூப்பிட்டார்களா என்பதும் அங்கே ஓர் உயிரின் கேள்வி.

இம்பெல்லா என்று இன்னொன்று. தொடை வழியாக ஏற்றி மகாதமனி வால்வின் நடுவிலேயே குறுக்காக நிறுத்திவைக்கிற சின்னப் பம்பு. வாய் வால்வுக்குக் கீழே மூன்றரை சென்டிமீட்டர் அளவில் இருக்கவேண்டும். ஆழமாகப் போனால் மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கிற நாண்களில் போய் இடிக்கும். நோயாளி இருமினாலோ, புரட்டிப் படுக்கவைத்தாலோ நகர்ந்துவிடலாம். இதற்கும் கண் எக்கோதான்.

என் தரப்பை மறுக்கிறவர்கள் சொல்வதில் ஒன்று உண்மை. எக்கோ எடுப்பவரின் கையைப் பொறுத்தது, ஒருவர் லேசு என்பதை இன்னொருவர் நடுத்தரம் என்பார் என்கிறார்கள். ஆமாம். பம்பின் உலோகம் படத்தில் நிழல் விழவைக்கும், டாப்ளரில் இரைச்சல் போடும், நெஞ்சில் பேண்டேஜ் இருக்கும், நோயாளியைப் பக்கம் திருப்ப முடியாது. கஷ்டமான படம். கஷ்டமான படம் என்றால் அதற்குத் தேர்ந்த ஆளை வைக்கவேண்டும், வேண்டிய நேரத்தைக் கொடுக்கவேண்டும். இவர்கள் அதிலிருந்து எடுக்கிற முடிவு, ‘அப்போ எக்கோவை ரொம்ப நம்பவேண்டாம்’ என்பது. வயலின் வாசிப்பது கஷ்டம் என்பதால் கச்சேரியில் ஸ்பீக்கரை மட்டும் வைத்தால் போதும் என்று யாராவது சொல்வார்களா?

கழுத்து வழியாக வலது இதயத்துக்குள் கதீட்டர் விட்டு, உடம்புக்குப் போகிற ரத்தத்தை அளந்து, பம்பின் எண்ணோடு ஒப்பிட்டுக் கசிவைப் பிடிக்கலாம் என்பார்கள். நல்ல முறை, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாதாமாதம் ஒருவருக்குக் கழுத்தில் குழாய் விட முடியாது. தண்ணீர் குறைகிறது என்று அது சொல்லும். கரை எங்கே உடைந்தது, எந்த இதழ் ஒட்டியது என்று போய்ப் பார்க்க மறுபடி எங்களிடம்தான் வரவேண்டும். அடுத்தது, ‘இனிமேல் ஏ.ஐ. எல்லாத்தையும் பார்த்துக்கும்.’ ஈ.எஃப்.பைத் தானாகவே போட்டுத் தருகிற மென்பொருள் எங்கள் மெஷினிலேயே இருக்கிறது, உபயோகிக்கிறேன். அது பெரும்பாலும் பம்பு இல்லாத இதயங்களைப் பார்த்துப் படித்தது. அதைவிட முக்கியமாக, ‘வேகத்தை இன்னும் நானூறு குறைச்சுப் பார்ப்போமா டாக்டர்?’ என்று அது கேட்காது.

1953ஆம் வருஷத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த மே மாதம் 6ஆம் தேதி பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் என்ற அறுவை மருத்துவர், தான் இருபது வருஷம் போல உழைத்துக் கட்டிய இதய-நுரையீரல் மெஷினில் ஒரு 18 வயதுப் பெண்ணை இணைத்து, இதயத்தைத் திறந்து, ஓட்டையை அடைத்தார். இன்றைய எக்மோ, எல்வேட் எல்லாவற்றுக்கும் அதுவே மூத்த அண்ணன். அதே வருஷம் அக்டோபர் 29, ஸ்வீடனின் லுண்ட் நகரம். இங்கே எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் விரிசல் தேடுகிற மீயொலிக் கருவி ஒன்றைக் கடன் வாங்கிவந்து, முதல்முறையாக இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். எட்லருக்கு என்ன அவசரம்? மைட்ரல் வால்வு. சுருங்கியிருக்கிறதா, கசிகிறதா என்று நெஞ்சைத் திறக்கும் முன்பே தெரியவேண்டியிருந்தது. எக்கோ என்கிற தொழில்நுட்பமே வால்வைப் பார்க்கப் பிறந்தது. பம்பும் அதைப் பார்க்கவேண்டிய கண்ணும் ஆறுமாத இடைவெளியில் பிறந்த பிள்ளைகள். ஒன்றைப் பட்டத்துக்கு இளவரசன் ஆக்கிவிட்டு இன்னொன்றை அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறையில் போட்டிருக்கிறோம். மிகையில்லை, நான் வேலை பார்த்த நாலு இடத்தில் மூன்றில் எக்கோ அறை அடித்தளத்தில்தான் இருந்தது. எங்களைப் போன்ற தொழில்களை முறைப்படுத்த இந்த நாட்டில் ஒரு சட்டம் வந்ததே 2021ல்தான்.

அறிவியல் புனைகதை படிக்கிறவர்களோடும் எனக்கு ஒரு சின்னத் தகராறு உண்டு. அவற்றில் வருகிற எதிர்கால மருத்துவமனையில் மெஷின்கள் எல்லாம் தானாக ஓடும், தானாகச் சரிசெய்துகொள்ளும், எண்கள் பச்சையில் ஒளிரும், மனிதர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று கண்ணீர் விடுவார்கள். ஒருவர்கூட ப்ரோபைப் பிடித்துக்கொண்டு தோள்பட்டை வலியோடு, “மூச்சை அப்படியே பிடிங்கய்யா, விட்டுறாதீங்க” என்று சொல்வதில்லை. அந்த ஆள் கதைக்கு வெளியே போய்விட்டதால்தான் பட்ஜெட்டுக்கும் வெளியே போய்விட்டார் என்று எனக்கு ஒரு சந்தேகம். எழுதுகிறவர்கள் யாராவது அவரை உள்ளே கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தப் பம்புகளில் ஒன்று வைக்கும் நிலை வந்தால், வரவேண்டாம், வந்தால், “செயற்கை இதயம் எப்படி வேலை செய்யுது?” என்று கேட்காதீர்கள். மகாதமனி வால்வு திறக்கிறதா, எத்தனை துடிப்புக்கு ஒருதடவை, கசிவு எத்தனை நேரம் நீடிக்கிறது என்று கேளுங்கள். பம்பு வைப்பதற்கு முன்பே மைட்ரலைப் பார்த்தாச்சா, மேலறைகளுக்கு நடுவில் ஓட்டை எதுவும் இல்லையே என்றும் கேட்டுவிடுங்கள். எக்கோ ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஈ.எஃப்.பைத் தேடாமல் முதலில் வேறொன்றைத் தேடுங்கள்: படம் எடுத்தபோது பம்பு என்ன வேகத்தில் ஓடியது, ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது. இந்த இரண்டும் இல்லாத ரிப்போர்ட்டை அடுத்த மாத ரிப்போர்ட்டோடு ஒப்பிடவே முடியாது. இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். முறைப்பார்கள். எழுதித் தருவார்கள்.